இறந்தார் காணிக்கு விலை குறித்தல்: யாழ்ப்பாணத்து மரபுரிமைச் சொத்து மதிப்பீடு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

யாழ்ப்பாணத்தின் சமூக வரலாற்றை எழுத முற்படுவோர்க்கு மாவட்ட நீதிமன்றத்து மரணசாதன வழக்கேடுகள் வளம் மிக்க மூலங்களாகும். இறந்தவர் விட்டுச்சென்ற வளவு, தோட்டக்காணி, வயல், பனந்தோப்பு, கிணற்றுப் பங்கு யாவும் ஒவ்வொன்றாக நிரற்படுத்தப்பட்டு, ஒவ்வொன்றின் எதிரிலும் ரூபாயில் ஒரு தொகை குறிக்கப்பட்டிருக்கும். ஆய்வாளர் அத்தொகையைக் கண்டதும் அதனைக் காணியின் அன்றைய விலை எனக் கொண்டு, கூட்டிப் பெருக்கி, குடும்பங்களின் செல்வநிலையை ஒப்பிடத் தலைப்படுவது இயல்பே. ஆயின் அத்தொகை விலையன்று; அது ஒரு வினாவுக்கு அளிக்கப்பட்ட விடை மாத்திரமே. வினவியவர் யார், எக்காரணம் பற்றி வினவினார், எந்த நாளின் பெறுமதியை வினவினார் என்பவற்றை அறியாது அவ்விடையைப் பயன்படுத்துவது பெரும் பிழைக்கு இடமளிக்கும். அவ்விடையால் நன்மை அடைந்தோரும் உளர், இழந்தோரும் உளர். இழந்தோர் பெரும்பாலும் வழக்கேட்டில் இடம்பெறாதவர்கள் என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

முதலில் தேசவழமையை நோக்குவோம். ஒல்லாந்தத் தேசாதிபதி கொர்னேலிஸ் ஜோன் சைமன்ஸ் என்பாரின் பணிப்பின்பேரில், யாழ்ப்பாணத்துத் திசாவையாக விளங்கிய கிளாஸ் ஐசாக்ஸ் 1706-1707 காலப்பகுதியில் இவ்வழக்கங்களைத் தொகுத்தார். தொகுப்புத் தமிழில் ஆக்கப்பட்டுப் பன்னிரு முதலிமாரின் பார்வைக்கு விடப்பட்டது. பின்னர் ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தினால் அதற்குச் சட்டவலு அளித்தனர். இத்தொகுப்பின்படி குடும்பச் சொத்து மூவகைப்படும். கணவன் தன் முன்னோரிடமிருந்து கொணர்ந்தது முதுசம். மனைவி கொணர்ந்தது சீதனம். இருவரும் மணவாழ்வில் ஈட்டியது தேடிய தேட்டம். ஆதியில் முதுசம் ஆண்மக்களுக்கும், சீதனம் பெண்மக்களுக்கும் சென்றன என்றும், தேடிய தேட்டம் இரு பாலாருக்கும் ஒத்த பங்காகப் பிரிக்கப்பட்டது என்றும், போத்துக்கேயர் காலத்தில் இவ்வொழுங்கு தளர்ந்து மூவகைச் சொத்திலிருந்தும் சீதனம் கொடுக்கும் வழக்கம் புகுந்தது என்றும் அத்தொகுப்பே கூறுகின்றது.

ஈண்டு கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. பங்கு எத்தன்மையது, யாருக்கு உரியது, எவ்வழியில் வந்தது என்பவற்றையே தேசவழமை விரிவாகப் பேசுகின்றது. காணியைப் பணமாக மதித்து அம்மதிப்பின்படி ஈவு செய்யும் முறை வாரிசுரிமைப் பகுதியில் முதன்மை பெறவில்லை. காணி எங்கிருந்து வந்தது என்பதே அதன் போக்கைத் தீர்மானித்தது; அதன் விலை எவ்வளவு என்பதன்று. இன்ன காணிக்கு இன்ன காணி ஈடு எனப் பொருளுக்குப் பொருள் ஒப்பிடும் சமூகத்தில் தனியொரு மதிப்பீட்டாளருக்கு வேலை குறைவு.

அவ்வாறாயின் மதிப்பே இல்லையா எனின், இருந்தது. அது அளவுப் பெயரிலேயே பொதிந்திருந்தது. யாழ்ப்பாண உறுதிகளில் வரும் லாச்சம் என்னும் அளவை இதற்குச் சிறந்த சான்று. வரகு விதைப்புக்குரிய லாச்சம் 18 குழி. நெல் விதைப்புக்குரிய லாச்சம் 12 குழி. ஓர் ஏக்கருக்கு முன்னது 16, பின்னது 24. எவ்வழி கணித்தாலும் ஏக்கர் 288 குழியாகும். எனவே, மூன்று லாச்சம் என்று மட்டும் கூறினால் பரப்பளவு விளங்காது. வரகு லாச்சமாயின் 54 குழி, நெல் லாச்சமாயின் 36 குழி. விதைக்கும் தானியத்தைச் சொல்லாமல் நிலத்தின் அளவைச் சொல்ல முடியாத ஒரு மொழியில், அளவும் பயனும் பிரிந்து நிற்கவில்லை. சிங்களப் பிரதேசங்களில் அமுணம் முதலிய அளவைகளும் விதைப்பை அடிப்படையாகக் கொண்டவையே. பிற்காலத்து நில அளவையாளர் வரகு லாச்சத்தைப் பத்துப் பேர்ச்சு எனவும், நெல் லாச்சத்தை ஆறே மூன்றிலிரண்டு பேர்ச்சு எனவும் மாற்றியபோது கணக்குச் சரியாக வந்தது. ஆனால் மண்ணைப் பற்றிய செய்தி உதிர்ந்து போயிற்று.

கிணற்றுப் பங்கும் அத்தகையதே. வலிகாமத்துச் செம்மண் தோட்டத்திற்கு உயிர் கிணறு. உறுதியில் காணியோடு சேர்த்துக் கிணற்றிலும், துலாவிலும், வாய்க்காலிலும், வழியிலும் உள்ள பங்குகள் பின்னமாகக் குறிக்கப்படும். அப்பின்னமே தண்ணீர் முறை எத்தனை நாளைக்கொருமுறை வரும் என்பதை நிர்ணயித்தது. அதனை ரூபாயில் எழுதப் புகுந்த எவரும் தடுமாறாது இருந்திரார்.

போத்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆக்கிய தோம்புகளில் காணிகள் பதியப்பட்டனவே என வினவலாம். உண்மை. ஆயின் தோம்பு வரி விதிப்போனின் ஏடு. குடியானவனிடம் எவ்வளவு பெறலாம் என்பதே அதன் நோக்கம். பிள்ளைகளுக்கிடையே எவ்வாறு பிரிப்பது என்பதன்று. தோம்பிலே பெயர் இருப்பது பிற்கால உரிமைத் தகராறுகளில் பெரிதும் உதவியது. பெறுமதிக்கு அது சான்றாகாது.

மாற்றம் ஆங்கிலேயரின் நீதிமன்றத்தோடு வந்தது. 1889ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் குடியியல் நடைமுறைச் சட்டக்கோவை, இறந்தவரின் ஆதனத்தை நிருவகிப்பவர் சொத்து நிரலையும் மதிப்பீட்டையும் நீதிமன்றத்தில் அளித்தல் வேண்டும் என விதித்தது. குறித்ததோர் எல்லைக்கு மேற்பட்ட ஆதனமாயின், நிருவாக அதிகாரம் பெறாமல் அச்சொத்தைப் பற்றி உரிமை வழக்குத் தொடுக்கவும் இயலாது. இவ்வெல்லை நெடுங்காலம் 2,500 ரூபாயாக இருந்தது. இத்தொகையின் வரலாற்று முக்கியத்துவத்தை ஆய்வாளர்கள் போதிய அளவு உணர்ந்தாரல்லர் என்றே நாம் கருதுகின்றோம். ஆதனம் அவ்வெல்லைக்குக் கீழ்ப்பட்டதெனக் கொள்ளப்பட்டால் வழக்கு வேண்டாம், முத்திரைச் செலவு வேண்டாம், சட்டத்தரணிக்குக் கொடுக்க வேண்டியதும் இல்லை. எல்லைக்கு மேற்பட்டாலும் தொகை கூடக்கூட முத்திரை வரியும் கூடியது. ஆகவே மதிப்பைக் குறைத்துச் சொல்வதற்கு வாரிசுகள் அனைவருக்கும் பொதுவான ஒரு தேவை இருந்தது. அண்ணன் தம்பியர் வேறெதில் முரண்பட்டாலும் இதில் ஒன்றுபட்டனர். உடையாரும் விதானையாரும் அவ்வூரவர், உறவினருங்கூட. நீதிமன்றம் கேட்ட எண்ணை ஊர் தன் வசதிக்கேற்பக் கொடுத்தது.

இந்நிலையில் 1919ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும், அதன் இடத்தைப் பெற்ற 1938ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் மரணவரியை நிலைநாட்டின. இதன் மூலக்கருத்து இங்கிலாந்தில் 1894ஆம் ஆண்டு நிதியமைச்சர் ஹார்கோர்ட் கொண்டுவந்த நிதிச் சட்டத்தில் உள்ளது. இறந்த வேளையில் திறந்த சந்தையில் விற்றிருந்தால் அச்சொத்து என்ன விலை பெற்றிருக்குமோ அதுவே அதன் பெறுமதி என்பது அக்கொள்கை. விற்பனை நடைபெறவில்லை, விற்கும் எண்ணமும் எவருக்கும் இல்லை, எனினும் விற்கப்பட்டதாகக் கற்பித்துக்கொள்ள வேண்டும். வரியிறுக்கும் அரசுக்கு இது நேர்மையான அளவுகோலாகத் தோன்றியதில் வியப்பில்லை. நிலம் கைமாறுவது வழக்கமாகிவிட்ட முதலாளித்துவ நாட்டில் அக்கற்பனை நடைமுறைக்கு அண்மையிலேயே நின்றது.

யாழ்ப்பாணத்துக் கிராமத்திலோ திறந்த சந்தை என்பது எங்கே இருந்தது? மூன்று வேலிகள் அச்சந்தையைச் சூழ்ந்திருந்தன. முதலாவது, தேசவழமையின் முன்கொள்வனவு உரிமை. பங்காளிகளுக்கு அறிவிக்காமல் தன் பங்கைப் பிறனுக்கு விற்க ஒருவனுக்கு இயலாது. ஒல்லாந்தர் காலத்தில் விற்பனை எண்ணத்தை மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் தேவாலயத்திலே பகிரங்கப்படுத்தும் வழக்கம் இருந்தது. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இவ்வுரிமையை மீள ஒழுங்குபடுத்தியது. இரண்டாவது, பிரிக்கப்படாத பங்கு. பன்னிரண்டு வரகு லாச்சம் கொண்ட காணியில் ஆறிலொரு பங்கு ஒருவனுக்கு உண்டெனின், கணக்கின்படி அது இரண்டு லாச்சம், 36 குழி. ஆயின் அந்த 36 குழி எங்கே இருக்கின்றது என எவராலும் காட்ட முடியாது. அத்தகைய பங்கை முழு விலை கொடுத்து வாங்க அயலான் ஒருவனும் முன்வரான். மூன்றாவது வேலி, சட்டப் புத்தகத்தில் எழுதப்படாதது. மற்ற இரண்டிலும் உறுதியானது. ஒடுக்கப்பட்ட சாதியினர் பணம் வைத்திருந்தபோதும் உயர்சாதியினர் வாழும் குறிச்சிகளில் அவர்களுக்குக் காணி விற்கப்படவில்லை. அம்மக்களுள் பெரும்பாலோர் பிறர் காணியிலே குடியிருந்தமையால் அவர்கள் இறந்தபோது மதிப்பிடுவதற்குக் காணியே இல்லை. திறந்த சந்தை விலை என்னும் சொற்றொடர் யாழ்ப்பாண மாவட்ட நீதிமன்றத்திலே உச்சரிக்கப்பட்ட காலமெல்லாம் சந்தையின் வாயில் ஊரவருள் ஒரு பெரும் பகுதியினருக்குச் சாத்தப்பட்டே இருந்தது. வரி மதிப்பீட்டாளர் இதனை அறியாதவரல்லர். அறிந்தும் எண்ணில் காட்ட வழியற்றவர்.

இவ்விடத்தில் ஓர் ஒப்பீடு பயன்தரும். இலங்கையில் வணிகம் நடத்திய நாட்டுக்கோட்டைச் செட்டிமார் இந்து கூட்டுக்குடும்ப முறைக்கு உட்பட்டவர்கள். 1938ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் 73ஆம் பிரிவு கூட்டுக்குடும்பச் சொத்திற்கு மரணவரி விலக்கு அளித்தது. அருணாசலம் செட்டியார் குடும்பத்து வழக்கில் மகன் 1934இலும் தந்தை 1938இலும் இறந்தனர். தந்தை இறந்தபோது குடும்பத்தில் ஆண்பிள்ளை வேறெவரும் எஞ்சவில்லை. தனியொருவராய் நின்றவரின் சொத்து எவ்வாறு கூட்டுச் சொத்தாகும் என அரசுத் தரப்பு வாதிட்டது. கோமறைக் கழகம் 1957இல் அவ்வாதத்தை ஏற்கவில்லை. சொத்து கூட்டுக்குடும்பத் தன்மையை இழக்கவில்லை எனத் தீர்த்தது. யாழ்ப்பாணத் தமிழருக்கோ தேசவழமை தனியுரிமையையே வழங்கியமையால் இவ்விலக்கு கிட்டவில்லை. இரு சாராரும் சைவத் தமிழர். இருவர் காணியும் ஒரே தீவில். ஒருவரின் இறப்பு வரி மதிப்பீட்டுக்கு உரிய நிகழ்ச்சியாயிற்று. மற்றவரின் இறப்பு அவ்வாறாகவில்லை. மதிப்பு நிலத்தில் கிடக்கும் பொருளன்று, சட்ட உறவிலிருந்து தோன்றுவது என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் தேடவேண்டியதில்லை.

வரிக்காகக் குறைத்து எழுதிய எண் குடும்பத்துக்குள் திரும்பிவரும்போது நிலைமை வேறாகின்றது. 1863ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கப் பாகப்பிரிவினைக் கட்டளைச் சட்டத்தின்படி, பிரிக்க இயலாத காணியை விற்கும்படி நீதிமன்றம் கட்டளையிட்டால், மதிப்பிட்ட விலையில் அதனை வாங்கும் வாய்ப்பு முதலில் கூட்டுரிமையாளருக்கே அளிக்கப்பட்டது. அவர்கள் வாங்காதவிடத்தே பகிரங்க ஏலம். ஆகவே மதிப்பீடு குறைந்தால் கையிலே பணமுள்ள பங்காளி பயனடைவான். அப்பணம் எங்கிருந்து வந்தது? இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மலாயாவின் புகையிரதப் பகுதியிலும் எழுதுவினைஞர் சேவையிலும் பணிபுரிந்தோர் அனுப்பிய பணம் யாழ்ப்பாணத்துக் காணிகளிலேயே பெருமளவில் முடங்கியது. ஊரிலேயே தங்கித் தோட்டம் கொத்திய தம்பி தனது பங்கைத் தாளில் குறித்த தொகைக்கு இழக்க, கோலாலம்பூரில் இருந்த அண்ணன் காணியை முழுமையாக்கிக் கொண்டான். வரியைத் தவிர்ப்பதற்காக இருவரும் உடன்பட்டுக் குறைத்த எண்ணே தம்பிக்கு எதிராக நின்றது. இது தனிமனிதரின் வஞ்சகத்தால் நிகழ்ந்ததன்று. ஒரே எண்ணை இரு வேறு நோக்கங்களுக்குப் பயன்படுத்தியதன் விளைவு.

பெண்மக்களின் நிலை இதனினும் சிக்கலானது. சீதனம் பெற்று மணமுடித்த மகள் அதனோடு மனநிறைவு கொள்ளவேண்டும், வேறு மக்கள் இருக்கும்வரை பெற்றோரின் எஞ்சிய சொத்தில் பங்கு கோருதல் ஆகாது என்பது தேசவழமையின் விதி. முதுசம், சீதனம் பற்றிய விதிகளை 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் பெரிதும் மாற்றியது. ஆயினும் சீதனம் பெற்றவள் பங்கிழப்பாள் என்ற கோட்பாட்டை நீதிமன்றங்கள் அடியோடு கைவிடவில்லை. இதனை மதிப்பீட்டு நோக்கிலே காண்போம். ஒரு தந்தை தன் மூத்த மகளுக்கு மணநாளில் நான்கு பரப்புத் தோட்டத்தைச் சீதனமாக எழுதுகின்றார் எனக் கொள்வோம். அன்றைய நிலையில் அது அவர் சொத்தில் நாலிலொரு பங்கு, நியாயமானதே. இருபது ஆண்டுகள் கழித்து அவர் இறக்கின்றார். இடையில் அவருடைய எஞ்சிய காணி வழியே தெருப் போடப்பட்டது. பக்கத்தே சந்தை வந்தது. தேடிய தேட்டமும் பெருகியது. மகளின் பங்கு மணநாளில் மதிக்கப்பட்டது. மைந்தரின் பங்கு தந்தை இறந்த நாளில் மதிக்கப்படுகின்றது. இரு நாட்களுக்கும் இடைப்பட்ட ஏற்றம் முழுவதும் மைந்தரைச் சார்ந்தது. தந்தையின் சொத்து இடையில் தேய்ந்திருந்தால் மகள் பெற்றதைத் திருப்பிக் கொடுக்கவேண்டியதில்லை என்ற எதிர்வாதமும் உண்டு. அவ்வாதத்தில் நியாயமும் உண்டு. ஆயின் நிலத்தின் மதிப்பு நீண்டகாலமாக ஏறிவந்த ஒரு பிரதேசத்தில் அந்தச் சமநிலை ஏட்டளவில் மாத்திரமே இருந்தது. சொத்து நிரலில் இம்மகளின் பெயர் வாரிசாக இடம்பெறாது. அவளுடைய நான்கு பரப்பு வேறோர் உறுதியில், வேறோர் ஆண்டில், முத்திரைக்காகக் குறைத்தோ ஊர்ப் பெருமைக்காகக் கூட்டியோ எழுதப்பட்ட ஒரு தொகையோடு கிடக்கும்.

நாள் என்பது எத்துணை முக்கியமானது என்பதை அண்மை வரலாறும் காட்டும். 1970 முதல் 1977 வரை ஆட்சியிலிருந்த ஐக்கிய முன்னணி அரசு மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது யாழ்ப்பாணத்துத் தோட்டச் செய்கை பெருவருவாய் தந்தது. 1977இன் பின் இறக்குமதி தாராளமாக்கப்பட்டதும் அவ்வருவாய் சரிந்தது. அதே தோட்டம், அதே கிணறு. உடையவர் 1975இல் இறந்தாரா 1979இல் இறந்தாரா என்பதைப் பொறுத்து விளைச்சலை அடிப்படையாகக் கொண்ட மதிப்பீடு வேறுபடும். மரணவரி 1980களில் நீக்கப்பட்டதும் இறந்த நாளின் விலையைத் துருவி ஆராயும் அரச அலுவலர் மறைந்தார். நீதிமன்ற நிரலில் குறைத்து எழுதும் பழக்கம் மட்டும் அவரோடு மறையவில்லை.

பின்னர் போர் வந்தது. 1990 முதல் வலிகாமம் வடக்கின் பெரும்பகுதி உயர்பாதுகாப்பு வலயமாயிற்று. அவ்வாண்டு ஒக்ரோபரில் வடபுலத்து முஸ்லிம்கள் தம் வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டனர். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒட்டுமொத்தமாக இடம்பெயர்ந்தனர். இக்காலத்தில் உடையவர்கள் அகதி முகாமிலும், கொழும்பிலும், ரொறன்ரோவிலும், இலண்டனிலும் இறந்தனர். கால்வைக்க முடியாத காணிக்குத் திறந்த சந்தை விலை யாது? கொள்கையின்படி ஏதோ ஒரு தொகை இருந்தே ஆகவேண்டும். நடைமுறையில் வாங்குவோனும் இல்லை, விற்போனும் இல்லை. காணாமற்போனோரின் குடும்பங்களுக்கு இறந்த நாளே ஐயத்துக்குரியதாயிற்று. 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் அத்தகையோரின் மரணத்தைப் பதிவுசெய்ய இடமளித்தது. 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம் காணாமற்போனமைக்கான சான்றிதழை ஏற்படுத்தியது. மரணத்தை ஏற்றால் காணி வாரிசுக்கு வரும். ஏற்க மறுக்கும் தாய்க்கு அந்த வழி அடைபடும். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி பத்தாண்டு எதிரிடையான ஆட்சியால் உரிமை பெறலாம் என்பதனால், இடம்பெயர்ந்தோரின் காணியில் புகுந்தோர் உரிமை கோரும் நிலையும் எழுந்தது. 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், ஆயுதப் போராட்டச் சூழலால் தம் உரிமையைத் தொடர இயலாதிருந்தோர் பொருட்டு, 1983 மே 1ஆம் நாள் முதல் 2009 மே 18ஆம் நாள் வரையுள்ள காலத்தை அக்கணக்கிலிருந்து விலக்க வழிசெய்தது.

சட்டம் உரிமையின் கடிகாரத்தை நிறுத்தியது; விலையின் கடிகாரத்தை எவரும் நிறுத்தவில்லை. 1987இல் இறந்தவரின் ஆதனத்துக்கு 2012இல் வழக்குத் தொடுக்கப்படுமாயின், இறந்த நாளின் ரூபாயில் பெறுமதியை எழுதினால் அது இன்றைய நிலையில் ஒரு சிறு தொகையாகவே நிற்கும். நீதிமன்ற ஏட்டுக்கு அத்தொகை போதுமானதாகலாம். ஆயின் அதனையே அடிப்படையாக வைத்து, ஊரிலே தங்கிய சகோதரியின் பங்கை வெளிநாட்டிலுள்ள சகோதரன் விலைக்குப் பெற முற்படுவானாயின், மலாயாக் காலத்து அண்ணன் தம்பியின் கதை மீண்டும் நிகழ்ந்ததாகும். பிறரின் பங்கை வாங்கித் தீர்க்கும் நோக்கத்துக்குத் தீர்க்கும் நாளின் விலையே உரியது என்பது எமது துணிபு. இருவரும் ஒப்பும் ஒரு மதிப்பீட்டாளரை அமர்த்தி, ஏட்டுக்குரிய தொகையையும் பங்கு தீர்க்கும் தொகையையும் வெவ்வேறாக எழுதிக்கொள்வதைச் சட்டம் எவ்விடத்தும் தடுக்கவில்லை.

ஆய்வாளருக்கு வருவோம். முத்துக்கிருஷ்ணா 1862இல் வெளியிட்ட தேசவழமைப் பதிப்பில் சேர்த்துள்ள யாழ்ப்பாண நீதிமன்றத் தீர்ப்புகளும், நீதியரசர் எச். டபிள்யு. தம்பையாவின் ஆய்வுகளும் சட்டவிதியின் வரலாற்றைத் தந்துள்ளன. ஒரு குடும்பத்தின் மரணசாதன ஏட்டையும், அக்குடும்பத்துப் பெண்களின் சீதன உறுதிகளையும், அதே காணிகள் பற்றிய பாகப்பிரிவினை வழக்கையும் அருகருகே வைத்து ஒரே காணிக்கு எழுதப்பட்ட மூன்று தொகைகளையும் ஒப்பிட்டால், எண்களுக்கிடையிலுள்ள வேறுபாடே மூலமாகும். எங்கு வேறுபாடு மிகுகின்றதோ அங்கு யாரோ ஒருவர் வரியை ஏய்த்திருப்பார், அல்லது யாரோ ஒருத்தி தன் பங்கில் ஒரு பகுதியை இழந்திருப்பாள். இவ்வொப்பீட்டை ஒரு கிராமத்திற்கேனும் செய்ய விழையும் மாணவர், லாச்சம் என்று கண்ட இடத்தில் வரகா நெல்லா என முதலில் பார்த்துக்கொள்வாராக; அச்சொல்லை விட்டுப் படியெடுத்தால் 18க்கும் 12க்கும் உள்ள வேறுபாடு, அதாவது மூன்றிலொரு பங்கு காணி, ஏட்டிலேயே மறைந்துவிடும்.